எழுபத்திரண்டரை கிலோ

உத்திரமேரூர்ப் பக்கம் ஆறடியைத் தாண்டிய பையனைக் கண்டால் வாலிபால் நெட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள், இல்லையென்றால் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போகச் சொல்வார்கள். துடுப்புப் படகுப் பந்தயம் என்று ஒன்று இருக்கிறது, அதில் இந்தியச் சட்டை போடலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. நான் போட்டேன். லீவில் வந்தபோது "கப்பல்ல வேலையாடா?" என்று கேட்ட அதே பெரியவர்கள் இன்றைக்கும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்காக நான் இதை எழுதவில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, விடியற்காலையில் ஏரிக்கரை மேல் ஓடிக்கொண்டு, ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிற தம்பி, உனக்காக எழுதுகிறேன்.

நம்மைப் போன்றவர்களுக்கு வழி ராணுவம்தான். சென்னையில் அடையாற்றங்கரையில் 1867 முதல் போட் கிளப் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து தினமும் ஐந்து மணிக்குத் துடுப்போடு அங்கே போய் நிற்பது நடக்கிற காரியமா? ஒற்றையாள் படகின் எடை 14 கிலோதான், நீளம் எட்டு மீட்டர். நல்லதாக வாங்கினால் ஒரு கார் விலை. மகாராஷ்டிராவில் கிணறு வெட்டும் கூலிக்காரர் மகனாகப் பிறந்த தத்து போகனல் ராணுவத்தில் சேரும் வரை துடுப்பைத் தொட்டதே இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13வதாக வந்தார். 2018 ஆசிய விளையாட்டில் நான்கு பேர் படகில் தங்கமும் வாங்கினார்.

நான் ராணுவப் பொறியாளர் படையில் சேப்பராகச் சேர்ந்தேன். உயரத்தைப் பார்த்தார்கள், கையை விரிக்கச் சொல்லி அளந்தார்கள், தண்ணீரில் குதிக்கச் சொன்னார்கள். நம் ஊர் ஏரியான வைரமேகத் தடாகத்தில் விழுந்து புரண்டவனுக்கு அது ஒரு பரீட்சையா? அதற்குப் பிறகு எர்கோ என்கிற துடுப்பு மெஷின், வெயிட், ஓட்டம், மறுபடி எர்கோ. கொப்புளத்தைப் பிய்க்காதே என்பதைத் தவிர இதிலெல்லாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. இழுக்கும்போது இரண்டு துடுப்புப் பிடிகளும் நடுவில் ஒன்றை ஒன்று தாண்டும். இடது கை மேலே, வலது கை கீழே. இடது கட்டை விரல் நகம் வலது கை முட்டிகளைச் சீவிக்கொண்டே இருக்கும். அந்தத் தழும்பு இல்லாதவன் தன்னை ரோவர் என்று சொன்னால் நம்பாதே.

விஷயத்துக்கு வருகிறேன். எடை.

அப்போது பந்தயத்தில் இரண்டு பிரிவு. ஓபனில் எவ்வளவு எடை வேண்டுமானாலும் இருக்கலாம். லைட்வெயிட்டில் ஆணுக்கு 72.5 கிலோதான் உச்சம். அதோடு முடியவில்லை. இரண்டு பேர் படகென்றால் சராசரி 70ஐத் தாண்டக் கூடாது. நான் ஆறடி ஒரு அங்குலம், 80 கிலோ, நான்கு பேர் படகில் ஆசியப் போட்டி ஒன்றுக்குப் போய் வந்தவன். என்னைத்தான் கோச் கூப்பிட்டு லைட்வெயிட்டுக்கு இறங்கச் சொன்னார்.

அவர் சொன்ன காரணம் முட்டாள்தனமில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஓபனில் ஐரோப்பியர்கள் ஆறரை அடி, 95 கிலோ. அவர்களோடு முட்ட முடியாது. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட்டும் அரவிந்த் சிங்கும் லைட்வெயிட் இரட்டையரில்தான் 11வதாக வந்தார்கள். ஒலிம்பிக்கில் அதற்கு முன் எந்த இந்தியப் படகும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. "தம்பி, நமக்குக் கதவு இதுதான்" என்றார். ராணுவத்தில் "சரி சாப்" என்பதைத் தவிர வேறு பதில் இருப்பதாக நினைக்கிறவர்கள் ராணுவத்தில் இருந்திருக்க மாட்டார்கள். நானும் "சரி சாப்" என்றேன்.

என் கூட்டாளி 68 கிலோ. அவன் அப்படி இருந்ததால் நான் 72 வரை போகலாம். எட்டு கிலோ. முதல் நாலு கிலோ சோற்றைக் குறைத்ததில் போனது. அடுத்த நாலு கிலோ தசை. எனக்குக் கொழுப்பு இருந்தால்தானே போகும்? உழவு மாட்டைப் பட்டினி போட்டு ரேக்ளாவில் பூட்டின கதை.

எடை பார்ப்பது பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தொடங்கி ஒரு மணி நேரம் முன்னால் முடிந்துவிடும். அதற்கு முன் ரெயின்கோட்டுக்கு உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டு ஓடுவோம். எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டே இருப்போம். தராசில் ஏறும்போது கூட்டாளி என் முகத்தைப் பார்க்க மாட்டான், முள்ளைத்தான் பார்ப்பான். நான் நூறு கிராம் கூடினால் அவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இறங்கியதும் ஓஆர்எஸ், வாழைப்பழம், உப்புப் போட்ட கஞ்சி. அது வயிற்றுக்குத்தான் போகும், தொடைக்குப் போகாது. 2,000 மீட்டரில் முதல் ஆயிரம் தெரியாது. மூன்றாவது ஐந்நூறில் காலைத் தள்ளினால் தள்ளவே வராது. உன் முதுகுக்குப் பின்னால்தான் எல்லை இருக்கிறது, உனக்கு அது தெரியாது. உன் பார்வைக்கு எதிரே இருப்பதெல்லாம் நீ தாண்டி வந்த படகுகள்தான். அவை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் ஏறி வந்து, பிறகு பார்வையிலிருந்தே போய்விடும்.

எர்கோ பொய் சொல்லாது. 80 கிலோவில் 500 மீட்டருக்கு 1 நிமிஷம் 33 நொடி வைத்திருந்தேன். 72ல் அது 1:36 ஆனது. மூன்று நொடிதானே என்பார்கள். நாலால் பெருக்கிப் பார், 12 நொடி. கடைசியில் என்னைப் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். காரணம்? "பவர் பத்தாது." பிடுங்கினவர்களே சொன்னார்கள்.

இறக்கியதுகூடப் பரவாயில்லை. இறக்கிய விதம் இருக்கிறதே! சீட் ரேஸிங் என்று ஒரு முறை உண்டு. இரண்டு படகை ஓடவிட்டு, ஆளுக்கு ஆள் மாற்றி, மறுபடி ஓடவிடுவது. எந்த ஆளால் படகு வேகம் எடுக்கிறது என்பதைக் கடிகாரமே சொல்லிவிடும். எனக்கு அது நடக்கவில்லை. ஏரி வாரியத்தில் உட்கார என்ன தகுதி வேண்டும் என்று முதலாம் பராந்தகன் காலத்திலேயே சுவரில் வெட்டி வைத்த ஊர் நம்முடையது. வயது 35க்குக் குறையக் கூடாது, 70க்கு மேலும் போகக் கூடாது, கணக்குக் காட்டாதவன் கிடையாது, அவன் சொந்தக்காரனும் கிடையாது. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே அவ்வளவு. படகில் உட்காரும் ஆளுக்கு எங்கள் பயிற்சி முகாமில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

இதை என் தவறு என்று நான் எழுதப் போவதில்லை. அப்புறம் நடந்ததைப் பார். பாரிஸ் 2024க்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ரோவர் பல்ராஜ் பன்வார். ஓபன் ஒற்றையர் பிரிவு, 23வது இடம். லைட்வெயிட்டுக்கு ஒலிம்பிக்கில் பாரிஸே கடைசி. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அது கிடையாது, அதற்குப் பதில் கடற்கரையில் ஓடிவந்து படகேறி அலையில் துடுப்புப் போடும் பீச் ஸ்பிரின்ட் வருகிறது. நான் எட்டு கிலோவைக் கொடுத்து நுழைந்த கதவையே பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.

எனவே தம்பி, ஐந்தே முக்கால் அடிக்குள் இருந்து, இயல்பாகவே 70ஐச் சுற்றி நிற்கிறாய் என்றால் ஒல்லி என்று ஓபனில் ஒதுக்குவார்கள். கடற்கரைப் பக்கம் பார். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பையன்களுக்கு அலை பழக்கம், அவர்களோடு சேர்ந்துகொள். ஆறடிக்கு மேல் என்றால் சாப்பிடு. அக்னிவீராகப் போனால் நாலு வருஷம்தான், அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிறுத்திக்கொள்வார்கள். துடுப்பு கையில் படியவே அதில் பாதி போய்விடும். முதல் நாளே ரோவிங் டிரயலுக்குப் பெயர் கொடு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதே. எடை குறைக்கச் சொன்னால் எர்கோ நேரத்தை எழுதிக் காட்டு. குறைத்த பிறகு ஏறிய நேரத்தையும் எழுதிக் காட்டு. நான் வாயால்தான் சொன்னேன், எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் பேச்சே வேறு.

போன மாதம் அதே கோச் போன் செய்தார். "உங்க பக்கம் உயரமான பையன் இருந்தா அனுப்பு தம்பி" என்றார். இருக்கிறான். மானாம்பதி ரோட்டில் பால் வண்டி ஓட்டுகிறான், ஆறடி மூன்று அங்குலம், 84 கிலோ. எடையில் கை வைக்க மாட்டேன் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் அனுப்புங்கள் சாப், அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றேன். இன்னும் வரவில்லை.