பிள்ளை பெற்ற அறைக்குக் காற்று வேண்டும்

தாய்மார்களே, பாட்டிமார்களே!

குற்றாலத்தில் சாரல் தொடங்குவது ஜூன் மாதத்தில்தான். மார்ச் முதல் மே வரை தென்காசிப் பக்கமும் வெயில் காய்கிறது. தமிழ்நாடு அரசே 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. இந்த வெயிலில் பிரசவமாகி வீடு வரும் தாயை எங்கே படுக்க வைக்கிறோம்? ஜன்னலை அடைத்த உள்ளறையில். கேட்டால், "காத்து பட்டா ஜன்னி வந்துரும்" என்கிறோம்.

இது தவறு. பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் வருவது கிருமியால். வலிப்பு வருவது ரத்தக்கொதிப்பால். ஜன்னல் காற்றின் மேல் பழி வேண்டாம். அடைத்த அறையின் புழுக்கம்தான் ஆபத்து. பச்சைப் பிள்ளைக்குச் சரியாக வியர்க்காது. போர்வையைத் தள்ளிவிடவும் தெரியாது. உடம்பு சூடேறி, நீர் வற்றிச் சோர்ந்துவிடும்.

காற்று எப்படி வரும்?

தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், காற்று ஆளைத் தள்ளும். அங்கே காற்று வர ஒரு பக்கம், போக ஒரு பக்கம் திறந்திருக்கிறது. வீட்டுக்கும் அதே கணக்குதான். ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது. எதிர்ப்பக்கமும் திறப்பு வேண்டும். சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேறத்தான் சுவரின் உச்சியில் வென்டிலேட்டர் வைத்திருக்கிறது. அணில் வருது, தூசி வருது என்று அதில் பழந்துணியைத் திணிக்காதீர்கள், கம்பிவலை அடியுங்கள்.

செய்ய வேண்டியவை

1. பகலில் வெயில் படும் ஜன்னலை மட்டும் சாத்துங்கள். நிழல் பக்கமும் வென்டிலேட்டரும் திறந்திருக்கட்டும். வெளியே குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

2. கான்கிரீட் தளம் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வீட்டுக்குள் விடும். தாய்க்கும் பிள்ளைக்கும் கீழ் அறையே நல்லது. தட்டட்டியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும்.

3. இரவில் மேஜை விசிறியை ஒரு ஜன்னலில் வெளியே பார்த்து வையுங்கள். அறைச் சூட்டை அது தள்ளிவிடும். எதிர் ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வரும்.

4. பிள்ளையைக் கொசுவலைக்குள், ஒற்றைப் பருத்தித் துணியில், விசிறிக் காற்று நேரே படாமல் கிடத்துங்கள்.

5. அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். ஆறு மாதம் வரை தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ வேண்டாம். தாய்க்கு மட்டும் தண்ணீரை அளந்து கொடுக்காதீர்கள். தாகம் தீரக் குடிக்கட்டும்.

எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குக் கதகதப்பு வேண்டும். அதற்குக் கிராம சுகாதார செவிலியர் சொல்கிறபடி செய்யுங்கள். சாரல் தொடங்கியபின், ஈரக்காற்று அடிக்கும் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம்.

கவனம்!

பிள்ளையின் உடம்புச் சூடு 37.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தாலும், பால் குடிக்காவிட்டாலும், துவண்டு கிடந்தாலும், மூத்திரம் குறைந்தாலும் "வெயில் சூடுதானே" என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு நூலை ஜன்னல் பக்கம் தொங்கவிட்டுப் பாருங்கள். நூல் அசைந்தால் காற்று நடக்கிறது. அசையாவிட்டால் எதிர்ப்பக்கத்தைத் திறவுங்கள். தொட்டில் கட்டுவது அதற்கப்புறம்தான்.