விரலுக்கு அசையும் எக்ஸ்ரே

அன்புள்ள திருவொற்றியூர் வாசகருக்கு,

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உங்கள் மனைவிக்கு எக்ஸ்ரே எடுத்த பெண், இயந்திரத்தின் அவ்வளவு பெரிய தலைப்பகுதியை இரண்டு விரலால் மேலே தள்ளினார், விட்ட இடத்திலேயே அது நின்றது, உள்ளே மோட்டார் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிய இயந்திரங்கள் சிலவற்றில் உண்டு. ஆனால் மோட்டார் இல்லாமலே இது நடக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற உங்களுக்குப் பாதி பதில் தெரிந்தே இருக்கும்.

ஈயம் பதித்த உறை, அதற்குள் எண்ணெயில் மூழ்கிய குழாய், கீழே கதிரின் அகலத்தைக் குறுக்கும் கொலிமேட்டர், எல்லாம் சேர்ந்தால் சாதாரணமாக 20 கிலோவைத் தாண்டும். தாங்கும் தூணுக்குள் அதே கனத்துக்கு ஓர் எடைக்கட்டி கம்பி வடத்தில் தொங்குகிறது. தலை இறங்கினால் கட்டி ஏறும். வார்ஃப் கிரேனின் முதுகில் இருக்கும் கவுண்டர் வெயிட்டும் இதே ஜாதிதான். ஆனால் உங்கள் கொக்கியில் இன்றைக்கு உர மூட்டை, நாளைக்கு இரும்புச் சுருள். இங்கே சுமை மாறுவதே இல்லை. அதனால் நுணுக்கமாக ஒத்துப்போக வைக்கலாம். விரல் ஜெயிக்க வேண்டியது உராய்வை மட்டும்.

எடையை எடையால் சரிக்கட்டினால் நகர்த்த வேண்டிய பாரம் இரட்டிப்பாகும். வார்டு வார்டாகத் தள்ளிப்போகும் எக்ஸ்ரே வண்டிக்கு அது தொல்லை. ஆகவே ஸ்பிரிங் வந்தது. ஸ்பிரிங் இழுக்க இழுக்க விறைக்கும் என்பதால், வடத்தை நத்தை ஓடுபோல ஆரம் மாறும் டிரம்மில் சுற்றுகிறார்கள். இழுப்பு கூடும்போது ஆரம் குறையும், கணக்கு நேராகிவிடும். பல் டாக்டரிடம் கன்னத்தருகே வரும் மடக்குக் கை வேறு விதம்: படுக்கையாக நீளும்போது சுமை முழுசாக இழுக்கும், செங்குத்தாக நின்றால் இழுப்பே இராது. ஸ்பிரிங்கை மூட்டுக்கு மேலே சரியான உயரத்தில் மாட்டினால் அதன் பிடியும் கூடவே ஏறி இறங்கும். இந்த வித்தையைப் பிரபலமாக்கியது ஒரு மேசை விளக்கு. அதற்கு 1932இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஜார்ஜ் கார்வர்டைன், இங்கிலாந்தில் கார் சஸ்பென்ஷன் வடிவமைத்தவர்.

ஆபத்து எங்கே என்றால், சமன் அந்த ஒரு எடைக்கு மட்டும்தான். ரிப்பேருக்குக் கொலிமேட்டரைக் கழற்றிவிட்டு லாக்கைத் திறந்தால் தலை மேலே பாயும். விவரமான ஃபிட்டர், தலையை உச்சிக்கு ஏற்றி, எடைக்கட்டி அடியில் உட்கார்ந்த பிறகே ஸ்பானரை எடுப்பார். வடம் இன்னொரு கவலை. ராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடத்தின் மேல் துணியை ஓட்டி அறுந்த இழை சிக்குகிறதா என்று பார்ப்பீர்களே, அதே சோதனை இங்கும் செல்லும்.

உங்கள் தெருமுனை ஸ்கேன் சென்டரில் தலை மெல்ல மெல்லக் கீழிறங்க, பையன் லாக்கை இறுக்கிச் சமாளித்தான் என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. லாக் இருப்பது நகராமல் நிறுத்த. சுமை தாங்க அல்ல. சில பழைய இயந்திரங்களில் அது மின்காந்தம், கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை உங்கள் மனைவியை அந்தத் தலைக்கு நேர்கீழே படுக்க வைக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்