முதுகுவலியும் எம்.ஆர்.ஐ. அறிக்கையும்

“டிஸ்க் பிதுங்கிவிட்டதாம், டாக்டர். இனி ஆபரேஷன்தானா?” இக்கேள்வியுடன் ஸ்கேன் அறிக்கையை ஏந்தி வருவோர் பலர். வலியைவிட அறிக்கையின் சொற்களே அவர்களை அதிகம் அச்சுறுத்தியிருக்கும். அவற்றை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதை இங்கே காண்போம்.

டிஸ்க் என்பது யாது?

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்து அதிர்வைத் தாங்கும் தட்டே டிஸ்க். அதன் உள்ளே நீர்ச்சத்து மிகுந்த கூழும், வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளன. வயது கூடக்கூட நீர்ச்சத்து குறைகிறது. தட்டு தேய்ந்து பிதுங்கக்கூடும். பிதுங்கிய பகுதி நரம்பை அழுத்தினால், இடுப்பிலிருந்து கால்வரை வலி பரவும். இதனைச் சயாட்டிகா என்கிறோம்.

வலியற்றோரின் ஸ்கேன்

1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதுகுவலி இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப்பட்டது. அவர்களுள் 52 சதவீதத்தினருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. 36 சதவீதத்தினருக்கு மட்டுமே எல்லா டிஸ்க்குகளும் இயல்பாக இருந்தன. வலியற்ற 3,000-க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டு ஆய்வின்படி, டிஸ்க் தேய்மானம் 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும், 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் காணப்பட்டது.

எனவே, தேய்மானம் பெரும்பாலும் தலைநரையைப் போன்றதொரு வயதின் அடையாளமே. ஸ்கேனில் தெரியும் பிதுக்கம் உங்கள் வலி பரவும் பாதையோடும், மருத்துவர் நேரில் சோதித்து அறிவதோடும் பொருந்தினால் மட்டுமே அதனை வலிக்குக் காரணமாகக் கொள்ள இயலும்.

அறுவை சிகிச்சை எப்போது?

நெதர்லாந்தில் நடைபெற்று 2007-இல் வெளியான ஆய்வில், 6 முதல் 12 வாரங்கள் கடுமையான சயாட்டிகாவால் அவதியுற்ற 283 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை சிகிச்சை. மற்றவருக்கு மருந்து முதலியவற்றுடன் காத்திருப்பு. அறுவை பெற்றோருக்கு வலி விரைவாகத் தணிந்தது. காத்திருந்தோரில் 39 சதவீதத்தினருக்குப் பின்னர் அறுவை தேவைப்பட்டது. ஆயினும் ஓராண்டு முடிவில், இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் குணமடைந்ததாகத் தெரிவித்தனர். ஆகவே, அபாய அறிகுறிகள் இல்லாதபோது அவசரமின்றி மருத்துவருடன் கலந்து முடிவெடுக்கலாம். அதுவரை முழுநேரப் படுக்கை ஓய்வைத் தவிர்த்து, இயன்ற அளவு நடமாடுவதே நன்று.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

• சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீர், மலத்தை அடக்க இயலாமை
• ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல்
• காலில் பலவீனம் தோன்றுதல் அல்லது அதிகரித்தல்
• முதுகுவலியுடன் காய்ச்சல் அல்லது காரணமற்ற எடைக்குறைவு
• முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகுவலி

இவற்றுள் முதல் மூன்றில் எது தோன்றினாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். நரம்பு நீண்டநேரம் அழுத்தப்பட்டால் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். மற்றவற்றுக்கும் விரைவில் மருத்துவரைக் காணுங்கள்.

அடுத்த முறை வரும்போது அறிக்கையைத் தவறாமல் கொண்டுவாருங்கள். ஆனால் வலி எங்கே தொடங்குகிறது, எதுவரை பரவுகிறது, எந்த வேலையைத் தடுக்கிறது என்பதை முதலில் கூறுங்கள். சிகிச்சை அங்கிருந்தே தொடங்குகிறது.