கம்ப்யூட்டர் போனால் கணக்கும் போகுமா?



சிட்டையும் பேரேடும் இருந்த இடத்தில் இப்போது நம் கடைகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. யார் எவ்வளவு பாக்கி, மொத்த வியாபாரிக்கு நாம் தர வேண்டியது எவ்வளவு, எந்தச் சரக்கு என்ன விலைக்கு வந்தது என்பதெல்லாம் அதற்குள்தான். ஒரு நாள் காலையில் அது எழவில்லை என்றால், கடன் வாங்கியவர் சொல்வதே கணக்கு என்று ஆகிவிடும்.

சட்டமும் நம்மை விடாது. ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2021-22 ஆண்டுக்கான கடைசி நாள் 31-12-2022. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கு 31-12-2028 வரை நம் கையில் இருந்தாக வேண்டும். மேல்முறையீடு நடந்தால் இன்னும் கூடுதல் காலம் ஆகலாம். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்பது பதிலாகாது. விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 57 கூறுகிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதையொட்டிப் பழைய கம்ப்யூட்டரை மாற்றுவோரும் இந்த முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

பூட்டு வேறு, சரக்கு வேறு

கடையின் ஷட்டர் பூட்டு கெட்டுப்போனால் உள்ளே இருக்கும் அரிசி மூட்டை கெட்டுப்போவதில்லை. கம்ப்யூட்டரும் அப்படித்தான். கரண்ட் கொடுக்கும் பெட்டி போகலாம், மதர்போர்டு போகலாம், விண்டோஸ் திறக்காமல் போகலாம். கணக்கு இருப்பது ஹார்டு டிஸ்க் என்ற தனிப் பெட்டியில். அது நன்றாக இருந்தால், கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்துக் கணக்கை எடுத்துவிடலாம்.

நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: முதல் நகல் எடுத்து முடிக்கும் வரை பழைய டிஸ்கில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. விண்டோஸை மறுபடி போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், "முதலில் டிஸ்கைக் கழற்றி நகல் எடுங்கள்" என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டர் ஓடுவதற்காக அவர் செய்யும் வேலையிலேயே பழைய கணக்கு அழிந்துவிடக் கூடும்.

என்ன வாங்க வேண்டும்?

பழைய மேசைக் கம்ப்யூட்டரில் 3.5 அங்குல டிஸ்க் இருக்கும். மடிக்கணினியில் 2.5 அங்குலம். பட்டையான அகல ஒயரும் 40 ஊசிகளும் இருந்தால் அது ஐ.டி.ஈ. வகை. மெல்லிய ஒயர் இருந்தால் சாட்டா வகை. இரண்டையும் யு.எஸ்.பி.யில் இணைக்கும் கன்வர்ட்டர்கள் அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவில் கிடைக்கும். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். யு.எஸ்.பி. அதைத் தராது. எனவே தனி அடாப்டருடன் வரும் கன்வர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். நகலைப் போட்டு வைக்கப் போதிய இடமுள்ள புதிய டிஸ்க் ஒன்றும் தேவை.

எடுக்கும் முறை

1. கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே டிஸ்கைக் கழற்றவும். அதன் மேல் உள்ள சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளவும்.

2. ஆன்டிவைரஸ் உள்ள நல்ல கம்ப்யூட்டரில் கன்வர்ட்டர் மூலம் இணைக்கவும். "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?" என்று திரை கேட்டால் ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. டிஸ்கைச் சரிபார்த்துத் திருத்துகிறேன் என்றாலும் வேண்டாம்.

3. 48 இலக்க எண் கேட்டால் அந்த டிஸ்க் பிட்லாக்கர் என்னும் பூட்டு போட்டது. அந்த எண் பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். அது இல்லாமல் எந்த நிபுணராலும் திறக்க இயலாது.

4. டாலி வைத்திருப்போர் அதன் 'டேட்டா' ஃபோல்டரைத் தேடவும். ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் எண் பெயருள்ள ஃபோல்டரில் இருக்கும். அதை முழுதாக எடுக்க வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்றவை 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும். அனுமதி இல்லை என்று வந்தால் 'கன்டினியூ' கொடுத்தால் பெரும்பாலும் திறக்கும். ஆனால் அப்படிக் கொடுக்கும்போது பழைய டிஸ்கில் சிறிது எழுதப்படும். டிஸ்க் தடுமாறுவதாகத் தெரிந்தால் அதற்கு முன்பே முழு டிஸ்கையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். இதற்கு டி.டி.ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் உண்டு. விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வது நல்லது.

5. நகல் வந்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும். பழைய டாலி கணக்கைப் புதிய பதிப்பு தன் முறைக்கு மாற்றிக்கொள்ளும். ஆகவே நகலுக்கும் ஒரு நகல் எடுத்து அதில் திறக்கவும். கடைசி இருப்பை பேங்க் ஸ்டேட்மென்டுடனும், விற்பனையை ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ள ரிட்டர்னுடனும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

பழைய டாஸ் காலத்து பில்லிங் மென்பொருளின் கணக்கு டி.பி.எஃப். என்ற முடிவுடன் இருந்தால், லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். தமிழில் அடித்த வாடிக்கையாளர் பட்டியல் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டில் இருந்தது. பழைய டிஸ்கில் விண்டோஸுக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் சேர்த்து எடுத்தால் அந்த எழுத்துருவைக் கொண்டே படிக்கலாம்.

தெரியாமல் அழித்த ஃபைல்

ஃபைலை அழிக்கும்போது முதலில் போவது பேரேட்டின் பெயர் அகராதிப் பக்கம்தான். உள்ளே இருக்கும் பக்கங்கள், அவற்றின் மேல் வேறு ஒன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்கள் அவற்றைத் தேடித் தரும். மீட்டவற்றை வேறு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகை டிஸ்கில் இந்த வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடத்தை அதுவே விரைவில் துடைத்துவிடும்.

கடலோரக் கடைகளுக்கு

கொட்டிவாக்கம் கடைகளுக்குக் கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் களிம்பேறும். டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் வேறு ஒயர் மாற்றிப் பாருங்கள். டிஸ்க் போய்விட்டது என்று அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. வெயிலிலோ சூடான காற்றிலோ காய வைக்கவும் வேண்டாம், உள்ளே உப்பும் சேறும் படிந்து ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, விரைவாக மீட்புக் கூடத்திற்குக் கொண்டு செல்லவும்.

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2003 பிப்ரவரியில் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரைப் பலி கொண்ட கொலம்பியா விண்கலத்தின் சிதைவுகளில் கருகிய ஹார்டு டிஸ்க் ஒன்று கிடைத்தது. மீட்பு நிபுணர்கள் அதிலிருந்து ஏறக்குறைய 99 சதவீதம் தகவலை எடுத்தார்கள். அதைக் கொண்டு 2008-இல் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்தது. வானத்திலிருந்து விழுந்ததையே மீட்க முடிந்திருக்கிறது.

எப்போது கையை எடுத்துவிட வேண்டும்?

டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று திரும்பத் திரும்பச் சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். படிக்கும் முனை பழுதாகியிருக்கலாம். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் தட்டில் கீறல் விழும். மூடியைத் திறக்கக் கூடாது, ஒரு தூசு போதும் கெடுப்பதற்கு. மீட்புக் கூடத்தில் கொடுக்கும்போது, சீரியல் எண் குறித்த ரசீது, முன்கூட்டிய கட்டண மதிப்பீடு, கணக்கு கிடைக்காவிட்டால் என்ன கட்டணம், ரகசியம் காக்கும் உறுதி ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

கணக்கு கிடைத்த பின் பழைய டிஸ்கை அப்படியே காயலான் கடைக்குப் போட வேண்டாம். வாடிக்கையாளர்களின் போன் நம்பரும் நம் பேங்க் விவரமும் அதில் இருக்கின்றன. முழுதாகத் துடைத்தோ, தட்டை உடைத்தோதான் கொடுக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் நாளிலேயே கணக்கை இரண்டு நகல் எடுப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். ஒன்று கடையில் இருக்கட்டும், மற்றொன்று வீட்டில் உயரமான அலமாரியில் இருக்கட்டும். கடைக்குள் தண்ணீர் வந்தாலும் பாக்கிக் கணக்கு நனையாது.