கடல் காணாத மீன்

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கே திரும்புவது சால்மன் மீனின் இயல்பு. அவற்றுள் சில கடலை மறந்து ஏரிகளிலேயே தங்கிவிட்டன. அமெரிக்காவின் செபாகோ ஏரி இவற்றுக்குப் பெயர் பெற்றது. நமக்கு அவ்வளவு தொலைவு வேண்டுவதில்லை. பெரியநாயக்கன்பாளையம் வழியே உதகை செல்லும் பேருந்தில் ஏறினால் போதும். அதே குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீன் அவலாஞ்சியில் உண்டு.

1860களில் பிரான்சிஸ் டே என்பார் இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொணர முயன்றார், பயனில்லை. எச்.சி. வில்சன் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. நிலைத்தது வானவில் டிரவுட். வட அமெரிக்காவின் மேற்குக் கரை இதன் தாயகங்களுள் ஒன்று. அங்கே இவ்வினத்தில் கடலுக்குச் சென்று மீள்வனவும் உண்டு. இங்கு அணைகள் மட்டுமல்ல, வெப்பமும் தடையே. நீர் ஏறத்தாழ 20 பாகை செல்சியசைத் தாண்டினால் இம்மீன் வாடும். நாம் தொட்டு நடுங்கும் நீரே அதற்கு உயிர். பவானி மேட்டுப்பாளையத்தைத் தொடுமுன்பே அதன் உலகம் முடிந்துவிடுகிறது.

அயல்நாட்டு மீனாகையால் ஒரு கேள்வியும் எழுகிறது. ஓடையிலுள்ள பூச்சிகளையும் சிறுமீன்களையும் இது தின்னும். இதனை ஓடைதோறும் விடுவது தகுமா? விலங்கியல் மாணவர் ஆராயட்டும்.

தூண்டில்காரர் நாடுவன அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்நிலைகள். இறகால் கட்டிய போலிப்பூச்சியே இங்கு இரை. காட்டுப்பகுதியாதலால் முன் அனுமதி இன்றிச் செல்லலாகாது. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலுக்கே இடமில்லை.