தெரிஞ்சவங்க மெயில்தானேன்னு திறந்துடாதீங்க!

கரன்ட் பில், பேங்க் வேலை, பசங்க புராஜெக்ட், கல்யாண போட்டோ... எல்லாமே வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. அதனால தங்கச்சிங்களா, இதைக் கவனமா படிங்க. மெயில்ல வர்ற வைரஸ் முன்பின் தெரியாதவங்க பேர்லதான் வரும்னு நினைக்காதீங்க.

2000 மே மாசம் பிலிப்பைன்ஸ்ல கிளம்பின 'ஐ லவ் யூ' வார்ம் (தானாவே பரவற வைரஸ்), ஒருத்தர் திறந்த உடனே அவரோட அவுட்லுக்ல இருந்த எல்லா முகவரிக்கும் தானே மெயில் அனுப்பிச்சுது. நண்பர் பேரைப் பார்த்து நம்பித்தான் பல பேர் திறந்தாங்க.

1. முதல்ல ஒரு போன்: எதிர்பார்க்காத அட்டாச்மென்ட் வந்தா, "நீங்கதான் அனுப்பினீங்களா?"ன்னு போன்ல கேளுங்க. அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேட்காதீங்க. அக்கவுன்ட்டே திருடன் கையில இருந்தா, "ஆமா"ன்னு அவன்தான் பதில் சொல்வான்.

2. ஃபைல் பேரைக் கடைசி வரைக்கும் படிங்க: அந்த வார்மோட ஃபைல் பேர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'னு முடியும். கடைசித் துண்டை விண்டோஸ் மறைச்சிடறதால, சாதாரண கடிதம் மாதிரி தெரிஞ்சுது. இன்னிக்கும் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ'ன்னு இதே தந்திரம் நடக்குது. விண்டோஸ் 11-ல ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'னு போய் டிக் பண்ணிடுங்க. முழுப் பேரும் தெரியும்.

3. 'எனேபிள் கன்டென்ட்' வேண்டாம்: மெயில்ல வந்த வேர்டு, எக்ஸெல் ஃபைல் இந்த பட்டனை அழுத்தச் சொன்னா, மூடிட்டு வெளியே வந்துடுங்க. ஃபைலுக்குள்ள ஒளிஞ்சிருக்கற மேக்ரோ வைரஸ் நுழையற வழி அது.

4. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க: 2017 மே மாசம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கற 'வானாக்ரை' ரேன்சம்வேர் தாக்கினப்போ, அதைத் தடுக்கற அப்டேட் மார்ச்லயே வந்திருந்துது. போடாதவங்கதான் மாட்டினாங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. உங்க கம்ப்யூட்டர் தாங்கும்னா 11-க்கு மாறிடுங்க.

5. ஆன்டிவைரஸ் ஒண்ணு போதும்: விண்டோஸோட வர்ற டிஃபெண்டரை ஆன்ல வைங்க. 'உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்'னு பிரவுசர்ல பயமுறுத்தற விளம்பரத்தைத் தொடாதீங்க. பசங்க தெரியாம எதையும் இன்ஸ்டால் பண்ணிடாம இருக்க, அவங்களுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுன்ட் போட்டுக் கொடுங்க.

6. போட்டோவுக்கு இன்னொரு காப்பி: மாசம் ஒரு தடவை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுங்க. முடிஞ்சதும் கழட்டி பீரோவுல வைங்க. மாட்டியே வெச்சிருந்தா, ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிடும்.

7. மாட்டிக்கிட்டா: உடனே நெட்டைத் துண்டிங்க. டிஃபெண்டர்ல 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்க. மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை போன்ல இருந்து மாத்துங்க. பணம் போயிருந்தா சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்க. அப்புறம், வெட்கப்படாம சொந்தக்காரங்க, நண்பர்கள் எல்லாருக்கும் "என் பேர்ல மெயில் வந்தா திறக்காதீங்க"ன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னாதான் அவங்க தப்பிப்பாங்க.