பாலையில் ஒரு பிரிவு: பிஸ்பீ நகரின் கதை

பாலைத்திணையின் உரிப்பொருள் பிரிவு என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அமெரிக்காவின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத்திலுள்ள பிஸ்பீ என்னும் சிற்றூரின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அந்த இலக்கணமே நினைவுக்கு வந்தது.

1880இல் தாமிரச் சுரங்கத்தால் பிறந்த ஊர் இது. 1917 ஜூன் இறுதியில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஜூலை 12 விடியற்காலையில், ஷெரிப் ஹாரி வீலர் திரட்டிய ஆயுதம் தாங்கிய ஆட்கள் ஏறக்குறைய 1,200 பேரைப் பிடித்து, மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்தனர். நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அவர்கள் இறக்கிவிடப்பட்டனர். பலர் மெக்சிகோவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். குடும்பத்தை ஊரிலேயே விட்டுப் பிரிந்தவர்களும் உண்டு. இதற்காக எவரும் தண்டனை பெறவில்லை.

1975இல் சுரங்க வேலை நின்றது. மறு ஆண்டே குவீன் சுரங்கம் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. லாவெண்டர் என்னும் மாபெரும் சுரங்கப் பள்ளமும், மலைச்சரிவில் ஏறும் நெடிய படிக்கட்டுகளும் இன்றும் காணத்தக்கவை.

2017இல், நூறாம் ஆண்டு நிறைவில், ஊர்மக்களே அந்த நாளை நடித்துக் காட்டினர். அது 2018இல் ஆவணப்படமாக வெளிவந்தது. உடன்பிறந்தவரையே ஒருவர் பிடித்துக்கொடுத்த குடும்பத்தின் வழிவந்தவர்களும் அதில் நடித்தனர். பிஸ்பீக்குச் செல்பவர்கள் சுரங்கத்தோடு இந்தப் பிரிவையும் அறிந்து திரும்ப வேண்டும் என்பதே என் விருப்பம்.